யாருடைய கப்பல்?

நிலத்தில் மண்மேடுகளை அகழ்ந்து பழைமையை ஆராய்பவருக்கும், கடலடியில் அமிழ்ந்து கிடக்கும் கலங்களை ஆராய்பவருக்கும் முதன்மையான வேற்றுமை காலத்தைப் பற்றியது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் குழி வெட்டியபோது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்த மண்ணடுக்குகளைப் பிரித்தறிந்து, எந்த அடுக்கில் இத்தாலி தேசத்துச் செம்மட்கலங்களின் ஓடுகள் கிடைத்தன என்பதைக் கணித்து, அதனைக் கொண்டு தென்னிந்திய மட்பாண்டங்களுக்கே ஒரு கால எல்லையை வகுத்துக் கொடுத்தார். அத்தகைய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்து, உடைந்ததை எறிந்து, எறிந்ததன்மேலேயே மறுபடியும் சுவர் எழுப்பி வாழ்ந்திருக்கிறார்கள். ஆகவே அங்கே கிடைப்பவை பல நூற்றாண்டுகளில் மனிதர் வேண்டாமென்று கழித்த பொருள்கள். மூழ்கிய கப்பலிலோ வேண்டாமென்று கழிக்கப்பட்டது ஏதும் இல்லை. விற்கக் கொண்டுபோன சரக்கும், தின்ன வைத்திருந்த பழமும், மாலுமி படுக்கையருகே வைத்திருந்த விளக்கும் ஒரே நாளில், ஒரே நாழிகையில், அவை புழக்கத்தில் இருந்த நிலையிலேயே அடியில் சென்று தங்கிவிட்டன.

இத்தகைய ஆவணத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ள அறிஞர்களுக்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன என்பது விசித்திரமே. 1900-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், சிமி என்ற கிரேக்கத் தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு குளிப்போர், திமித்ரியோஸ் கொண்டோஸ் என்ற தலைவரின் கீழ், புயலுக்கு ஒதுங்கி ஆன்டிகித்தெரா தீவின் அருகே தங்கியிருந்தனர்; அவர்களுள் எலியாஸ் ஸ்டாடியாட்டிஸ் என்பவர் செம்புத் தலைக்கவசம் பூண்டு இறங்கி, கீழே பிணக் குவியலைக் கண்டதாக அஞ்சி மேலேறினார். அவர் கண்டவை பிணங்களல்ல. வெண்கலத்தாலும் சலவைக்கல்லாலும் ஆன சிலைகள். கிரேக்க அரசாங்கம் அந்தத் தொழிலாளிகளையே அமர்த்தி, 1901-ஆம் ஆண்டு வரையில் சிலைகளையும் பாண்டங்களையும் எடுப்பித்தது. ஒருவர் உயிரிழந்தார், இருவர் முடமாயினர். மறு ஆண்டு ஏதன்ஸ் பொருட்காட்சிச்சாலையில் வலேரியோஸ் ஸ்டாயிஸ் ஓர் உருச்சிதைந்த வெண்கலக் கட்டியில் பற்சக்கரத்தின் அடையாளத்தைக் கண்டார். கோள்களின் கதியைக் கணிக்கும் அந்த அற்புத யந்திரத்தின் புகழை இன்று அறியாதவர் இல்லை. ஆனால் அந்த யந்திரம் கப்பலில் எந்த இடத்தில், எந்தப் பெட்டியில், எவற்றின் நடுவே இருந்தது என்று கேட்டால் விடையில்லை. அது சரக்காகச் சென்றதா, கப்பலில் பயணம் செய்த ஒருவருடைய உடைமையா என்ற கேள்விக்கு உரிய சாட்சியம், பொருள்களைப் பெயர்த்து மேலே இழுத்த அன்றே அழிந்துபோயிற்று.

தண்ணீருக்குள் மூச்சுவிட உதவும் கருவியை 1943-இல் குஸ்தோவும் காஞானும் அமைத்த பின்னரும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1952 முதல் 1957 வரையில், மார்சேய் நகருக்கு அருகிலுள்ள கிராண்ட் கோங்லுவே என்ற பாறைத்தீவின் அடியில் குஸ்தோவின் குழுவினர் ஆயிரக்கணக்கான சாடிகளை எடுத்தனர். அவற்றை ஆராய்ந்த பேரறிஞர் ஃபெர்னான் பெனுவா கப்பல் தளத்திலேயே நின்று, மேலே வந்தவற்றைப் பார்வையிட்டார். ஒன்றுக்கொன்று பல்லாண்டு கால இடைவெளியுள்ள சாடி வகைகள் கலந்து கிடைத்தபோது, எல்லாவற்றையும் ஒரே கப்பலின் சரக்காகக் கொண்டு அவர் விளக்கம் எழுதினார். உண்மையில் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கப்பல்கள் மூழ்கிக் கிடந்தன என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சி தெளிவுபடுத்திற்று. பெனுவாவின் புலமையில் குறைவில்லை. அடுக்குகளைத் தம் கண்ணால் காண இயலாத இடத்தில் அவர் நின்றதே குறை. சாதனங்கள் யாவும் கைவந்த பிறகும், பார்க்க வேண்டியவர் பார்க்க வேண்டிய இடத்தில் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

அறிஞர்கள் இறங்கத் தயங்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 50 மீட்டர் ஆழத்தில் ஒருவர் சுவாசிக்கும் காற்று, கரையில் சுவாசிப்பதைவிட ஆறு மடங்கு அடர்ந்தது. அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து, ஆழத்தில் இருக்கும்போது சித்தத்தை மயக்குகிறது. விரைந்து மேலேறினாலோ குமிழிகளாகப் பொங்கி, கைகால்களை முடக்குகிறது அல்லது உயிரையே வாங்குகிறது. ஏஜியன் தீவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைக்கவச உடை வந்த பிறகு இவ்வாறு முடமான கடற்பஞ்சுத் தொழிலாளிகள் பலர். ஆயினும், தேர்ந்த முக்குளிப்பவருக்குப் புதைபொருளாராய்ச்சியைக் கற்பிப்பதைவிடப் புதைபொருளாராய்ச்சியாளருக்கு முக்குளிக்கக் கற்பிப்பதே எளிது என்று துணிந்து சொல்வதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. பென்சில்வேனியா சர்வகலாசாலையில் மாணவராயிருந்த ஜார்ஜ் பாஸ் அதைச் சொன்னதோடு நில்லாமல், பிலடெல்பியாவின் நீச்சல் குளமொன்றில் பயிற்சி பெற்று, 1960-ஆம் ஆண்டில் துருக்கி தேசத்துத் தென்கரைக்குச் சென்றார்.

அவரை அங்கே அழைத்துச் சென்ற செய்தியும் ஒரு தொழிலாளியிடமிருந்தே கிடைத்தது. பீட்டர் திராக்மார்ட்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் போத்ரும் துறைமுகத்துக் கடற்பஞ்சுக்காரரோடு பழகி, அவர்கள் அடியில் கண்ட பழங்கலங்களை வினவிப் பட்டியலிட்டு வந்தார். அவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது, கெமால் அராஸ் என்ற படகுத் தலைவர், கெலிடோன்யா முனைக்கு அருகே செப்புக் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதாகவும், வெடி வைத்துப் பெயர்த்துப் பழைய உலோகமாக விற்றுவிடத் தாம் எண்ணியிருப்பதாகவும் கூறினார். வெடிக்கு இரையாகாமல் தப்பியது கி.மு. 1200-ஆம் ஆண்டையொட்டிய கப்பல். அதுவரையில் அறியப்பட்ட கப்பல்களுள் மிகப் பழைமையானது. எழுதப் படிக்கத் தெரிந்த உலகத்தின் கடலடி அறிவு பெரும்பாலும் இத்தகைய எளிய மனிதர்களிடமே இருந்துவந்தது என்பதை இத்துறையின் சரித்திரத்தை எழுதுவோர் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

கெலிடோன்யாவில் பாஸ் செய்தது எளிமையான காரியம்: எதையும் எடுப்பதற்கு முன் அது கிடந்த இடத்தைக் குறித்தார். ஏறக்குறைய 27 மீட்டர் ஆழத்தில், நிலத்தில் செய்வதுபோலவே அளவு நாடா பிடித்து, படமெடுத்து, வரைபடம் வரைந்து, சுண்ணாம்புப் பாறையாக இறுகியிருந்த திரளைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து, கரையில் மறுபடியும் அதே ஒழுங்கில் பொருத்தி, பின்னரே உடைத்துப் பார்த்தார். செப்புப் பாளங்கள், உருக்குவதற்காகச் சேர்த்த உடைந்த வெண்கலக் கருவிகள், வெள்ளீயத்தின் எச்சம் ஆகியவை சரக்கு. ஆனால் கப்பலின் ஒரு புறத்தில் மட்டும் வேறு வகைப் பொருள்கள் கிடந்தன: ஒரு விளக்கு, எடைக்கற்கள், வண்டு வடிவத் தாயத்துகள், உருண்டு பதிக்கும் முத்திரை ஒன்று. அவை விற்பனைப் பொருள்களாக இருந்திருந்தால் சரக்கின் நடுவே கிடந்திருக்கும். தனியே ஒதுங்கிக் கிடந்தமையால், அந்த இடம் கப்பலோட்டிகள் தங்கிய பகுதி என்றும், அப்பொருள்கள் அவர்களுடைய சொந்த உடைமை என்றும் பாஸ் அநுமானித்தார். அவற்றின் வகையோ சிரியா, பாலஸ்தீனக் கரையைச் சேர்ந்தது.

இந்தச் சிறிய அநுமானம் பெரிய சச்சரவைக் கிளப்பிற்று. வெண்கலக் காலத்தின் பிற்பகுதியில் கிழக்கு மத்தியதரைக் கடலின் வர்த்தகம் முழுவதும் மைசீனியக் கிரேக்கரின் கையில் இருந்தது என்பது அக்காலத்து அறிஞரின் பொதுக் கொள்கை. ஹோமர் தம் காவியங்களில் பினீஷியக் கடலோடிகளைக் குறிப்பிட்டதும், பிற்காலச் செய்தியை முற்காலத்தின்மேல் ஏற்றிச் சொன்னதாகவே கருதப்பட்டது. 1967-இல் வெளியிட்ட நூலில் பாஸ் அக்கொள்கையை மறுத்து, எகிப்தியச் சமாதிகளின் சுவரோவியங்களில் இத்தகைய செப்புப் பாளங்களைச் சுமந்து வருவோர் பெரும்பாலும் சிரிய நாட்டினராகத் தீட்டப்பட்டிருப்பதையும் சான்றாகக் காட்டினார். கிரேக்க நாகரிகத்தைப் பயின்றவர்களுள் பலர் இதனை ஏற்கவில்லை. ஒரு கப்பலின் ஒரு மூலையில் கிடந்த நாலைந்து சிறு பொருள்களை நம்பி, ஒரு கடலின் வாணிக வரலாற்றையே மாற்றி எழுதுவதா என்று அவர்கள் தயங்கியதைக் குறை கூறவும் இயலாது.

இடையில் அவர் யஸ்ஸியடா தீவின் அருகே, கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பைசாந்தியக் கப்பலொன்றை ஆராய்ந்தார். அங்கே இரும்புக் கருவிகள் யாவும் துருவாகிக் கரைந்து போயிருந்தன. அவற்றைச் சூழ்ந்து இறுகிய ஓடு மட்டும் உள்ளே வெற்றிடத்தோடு எஞ்சியிருந்தது. அந்த ஓட்டை அறுத்து, வெற்றிடத்தில் ரப்பர்க் குழம்பை வார்த்து, கோடரியையும் வாய்ச்சியையும் அவற்றின் பழைய வடிவத்திலேயே மீட்டெடுத்தார்கள். ஆணிகள் கிடந்த இடங்களையும் சிதறிய மரத்துண்டுகளையும் கொண்டு வான் டூர்னிங்க் என்ற அறிஞர் கப்பலின் உருவத்தையே திரும்ப வரைந்தார். நீர்மட்டத்துக்குக் கீழே பலகைகளை முதலில் கோத்துக் கூடமைத்த பழைய முறையும், மேலே சட்டங்களை நிறுத்தி அவற்றின்மேல் பலகை அறையும் புதிய முறையும் ஒரே கப்பலில் கலந்திருந்தமை அதனால் வெளிப்பட்டது. கப்பல் கட்டும் தொழிலின் மாறுதலைக் கையும் களவுமாகப் பிடித்தது போன்ற கண்டுபிடிப்பு அது.

1982-ஆம் ஆண்டில், காஷ் என்ற ஊருக்கு அருகேயுள்ள உலுபுருன் முனையில், மெஹ்மத் சாகிர் என்ற கடற்பஞ்சு குளிப்பவர், காதுகள் முளைத்த உலோக ரொட்டிகளைக் கண்டதாகச் சொன்னார். நாற்புற மூலைகளும் காதுபோல் நீண்ட செப்புப் பாளங்களையே அவர் கண்டார் என்பது, அவ்வடிவத்தை முன்பே அறிந்திருந்த ஆராய்ச்சியாளருக்கு உடனே விளங்கிவிட்டது. 1984-இல் பாஸின் தலைமையில் தொடங்கி, பின்னர் ஜெமால் புலாக்கின் தலைமையில் 1994 வரையில் அகழ்வு நடைபெற்றது. செங்குத்தான சரிவில், 44 மீட்டர் முதல் 61 மீட்டர் வரையில் பொருள்கள் சிதறிக் கிடந்தமையால், ஒருவர் நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் சுமார் 20 நிமிஷம் மட்டுமே அடியில் இருக்கலாம்; மேலேறும்போது வழியில் நின்று, பிராணவாயுவைச் சுவாசித்து, கரைந்த வாயுவை மெல்ல வெளியேற்ற வேண்டும். பதினொரு பருவங்களில் 22,413 முறை இறங்கி, அடியில் அவர்கள் கழித்த மொத்த நேரம் 6,613 மணி. நிலத்தில் ஒரு குழுவினர் சில மாதங்களில் செய்துவிடக்கூடிய வேலை அது. ஆயினும், அந்த 20 நிமிஷ வரையறை ஒருவகையில் நன்மையே செய்ததென்பது என் அபிப்பிராயம்; எங்கே கைவைக்கப் போகிறோம், எதை அளக்கப் போகிறோம் என்று மேலேயே தீர்மானித்துக்கொண்டு இறங்குகிறவன் அவசரத்தில் கிளறுவதில்லை.

கிடைத்தவற்றை நினைத்தாலே பிரமிப்பு உண்டாகிறது. சுமார் பத்து டன் செம்பு, அதை வெண்கலமாக்கப் பத்தில் ஒரு பங்கான ஒரு டன் வெள்ளீயம். நீலமும் வெளிர்நீலமுமான கண்ணாடிக் கட்டிகள். கானானிய நாட்டுச் சாடிகள் ஏறக்குறைய 150, அவற்றுட் பலவற்றில் மரப்பிசின், சிலவற்றில் ஒலிவம், ஒன்றில் கண்ணாடி மணிகள். ஆப்பிரிக்கக் கருமரம், யானைத் தந்தம், நீர்யானைப் பல், ஆமையோடு, தீக்கோழி முட்டை. வடக்கே பால்டிக் கரையின் அம்பர். பெரிய தாழிகளுள் அடுக்கிய சைப்பிரஸ் பாண்டங்கள். எகிப்திய ராணி நெபர்டீட்டியின் பெயர் பொறித்த பொன்வண்டு. தந்தக் கீல் பொருத்திய இரட்டை மரப்பலகை ஒன்றும் கிடைத்தது. உட்பள்ளத்தில் மெழுகு பூசி எழுதும் ஏடு அது. செம்பு சைப்பிரஸ் தீவினது என்பதை அதிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்புச் சோதனை உணர்த்திற்று. எகிப்தில் அமர்னா என்னுமிடத்தில் கிடைத்த களிமண் கடிதங்களில், அலாஷியா (சைப்பிரஸின் பழம்பெயராகக் கருதப்படுவது) நாட்டு மன்னன் எகிப்திய மன்னனுக்குச் செம்பு அனுப்பிய செய்தி இருக்கிறது. கி.மு. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடிதத்தில் எழுதியிருந்த அந்தச் சம்பத்து எவ்வாறு கடலில் சென்றதென்பதை உலுபுருன் பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டது.

கப்பலின் மரம் லெபனான் தேவதாரு. பலகையின் விளிம்பில் துளை பொளிந்து, அதில் மரநாக்கைச் செருகி, குறுக்கே முளை அறைந்து பிணைக்கும் வேலைப்பாட்டை அதில் கண்டார்கள். கிரேக்க, உரோமக் கப்பல்களில் பின்னர்ப் பெருவழக்காக விளங்கிய முறை இக்கப்பலைக் கட்டியவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைவந்திருந்தது. மரம் எஞ்சியது சரக்கின் அடியில் அகப்பட்ட பகுதியில் மட்டும். மணலோ பாளமோ மூடாத மரத்தைக் கப்பற்புழு தின்று தீர்த்துவிடும். இதனாலேயே, கப்பற்புழு வாழ இயலாத உப்புக் குறைந்த பால்டிக் கடலில், 1628-இல் முதற் பயணத்திலேயே கவிழ்ந்த வாசா என்ற சுவீடன் போர்க்கப்பல், 1961-இல் முழு உருவத்தோடு மேலே வந்தது. மத்தியதரைக் கடலில் அந்தப் பாக்கியம் கிடையாது.

பாஸ் கிளப்பிய பழைய கேள்விக்கு வருவோம். உலுபுருனிலும் பொன்னையும் தந்தத்தையும்விட அதிகமாகப் பேசியவை சிறு பொருள்களே. எடைக்கற்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன, அவற்றுள் விலங்குருவானவையும் உண்டு. கீழ்த்திசை நாடுகளின் நிறுத்தலளவுக்கு அவை ஒத்திருந்தன. கல்நங்கூரங்கள் 24, அவ்வகை சிரியா, பாலஸ்தீனக் கரைக்கு உரியது. இவற்றோடு மைசீனியருக்குரிய வாள், சவரக்கத்தி, முத்திரைகள் முதலியனவும் கிடைத்தன. அவற்றுட் சில இரண்டிரண்டாக இருந்தமையும் அவை தனிமனிதர் அணிந்தும் ஏந்தியும் வந்தவையாக இருந்தமையும் கருதி, கானானிய மாலுமிகளோடு உயர்நிலை மைசீனியர் இருவரேனும் சரக்கை ஒப்புவிக்கத் துணைபோயினர் என்று புலாக் முடிவு செய்தார். சாடியின் அடிமண்ணையும் வீசிவிடாமல் சலித்துப் பார்த்ததன் பயனாக ஓர் எலியின் தாடையெலும்பு அகப்பட்டது. 2008-இல் வெளியான ஆராய்ச்சியில் அதன் பல்லின் அமைப்பு சிரியக் கரையின் எலிகளோடு ஒத்திருந்ததாகக் கண்டார்கள். அழையா விருந்தாளியாய் ஏறிய எலி, கப்பல் புறப்பட்ட துறையைச் சுட்டியது. கெலிடோன்யாவிலேயே பிற்காலத்தில் மறுபடியும் இறங்கியவர்களுக்கு அங்கும் கீழ்த்திசைக் கல்நங்கூரம் ஒன்று கிடைத்தது. 1967-இல் எள்ளப்பட்ட கருத்து இன்று பாடநூலில் இடம்பெற்றிருக்கிறது.

ஒரு செய்தியை இங்கே மறைக்கலாகாது. எடுக்கப்படும் இடத்தைப் பொறுத்துப் பொருளின் அர்த்தம் மாறுகிறது என்று வற்புறுத்துகிறவர்கள், வியாபாரிகள் எடுத்த கப்பல்களைப் பற்றி என்ன சொல்வார்கள்? 1998-இல், இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கடலட்டை தேடி மூழ்கிய மீனவர்கள், ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலொன்றைக் கண்டார்கள். சீனத்துத் தாங் வமிச காலத்துப் பீங்கானும் பாண்டமும் ஏறக்குறைய 60,000. அவற்றுள் ஒரு கிண்ணத்தில் பொறித்திருந்த காலக்குறிப்பு 826-ஆம் ஆண்டைக் காட்டிற்று. கப்பலோ சீனத்தது அல்ல: ஆணியின்றிக் கயிற்றால் தைத்த அரபுக் கடல் வகை. சென்னைக் கரையில் அலையை மீறிச் சரக்கும் பிரயாணிகளும் ஏற்றிய மசூலாப் படகுகளும் இவ்வாறு தைத்தவையே. ஒரு தனியார் நிறுவனம் அரசாங்க அநுமதியோடு சரக்கை எடுத்து, முழுத்தொகுதியாகச் சிங்கப்பூருக்கு விற்றது. வாஷிங்டனில் நடக்கவிருந்த கண்காட்சி, புதைபொருளாராய்ச்சியாளரின் எதிர்ப்பினால் 2011-இல் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள், விற்பனையை நோக்கமாகக் கொண்டு அவசரமாக அகழ்வதை எந்தக் கலைக்கூடமும் அங்கீகரிக்கலாகாது என்றனர். ஆதரித்தவர்கள், தாமதித்திருந்தால் கொள்ளையரே யாவற்றையும் சிதைத்திருப்பர் என்றனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. தொகுதி சிதறாமல் ஒரே இடத்தில் இருப்பது பெரும் நன்மை என்பதையும் மறுக்க இயலாது. ஆனால், எடுப்பவருக்கு ஊதியம் பொருளிலிருந்தே வரவேண்டுமானால், கிண்ணத்துக்கு இருக்கும் அக்கறை எலியின் தாடைக்கு இராது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

நூறாண்டுக்கு மேல் நீரடியில் இருந்த பொருள்களை வியாபாரத்துக்கு உட்படுத்தலாகாதென்றும், அவற்றை இருந்த இடத்திலேயே காப்பதையே முதலில் சிந்திக்க வேண்டுமென்றும் யுனெஸ்கோவின் 2001-ஆம் ஆண்டு உடன்படிக்கை விதிக்கிறது. இரண்டாவது விதி, பார்வைக்குச் சோம்பலின் வாதம்போல் தோன்றினும், அநுபவத்தில் பிறந்தது. கடல்நீரில் ஊறிய மரத்தைக் காயவிட்டால் சுருங்கி வெடிக்கும். வாசாவின் மரத்துக்குள் நீருக்குப் பதிலாகப் பாலியெத்திலீன் கிளைக்காலைப் புகுத்த, 1962 முதல் 17 ஆண்டுகள் இடைவிடாது தெளித்தார்கள். அதன் பின்னும், மரத்துக்குள் தங்கிய கந்தகம் அமிலமாக மாறி அரிக்கிறதென்று 2000-ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. செலவும் பொறுப்பும் கப்பலை மேலே தூக்கிய நாளில்தான் ஆரம்பமாகின்றன.

நம் பக்கத்துக் கடலிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. இலங்கையின் தென்கரையில் கொடவாய என்னுமிடத்தில், 2003-ஆம் ஆண்டில் உள்ளூர் மீனவர் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பலின் எச்சத்தைக் கண்டனர், கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட அதனை, இந்துமாக்கடலில் அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய கப்பலாகக் கருதுகின்றனர். பாஸ் நிறுவிய கடலகழ்வு ஆராய்ச்சி நிலையத்தினர் இலங்கை அறிஞருடன் சேர்ந்து 2012 முதல் 2014 வரையில் அங்கே பணிபுரிந்தனர். கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, செம்பு, மங்கலச் சின்னங்கள் பொறித்த கல்லாலான அரைக்கும் மேடை ஆகியவை அங்கே காணப்பட்டன. உலுபுருனைப் போலவே இதுவும் மூலப்பொருள் ஏற்றிய கலம். சரக்கு இரும்புத் துருவால் ஒரே பாறையாக இறுகிக் கிடக்கிறது. அதைப் பெயர்க்க வேண்டுமானால், பல ஆண்டுகளுக்குக் கெடாத நன்னீர்த் தொட்டிகளும், இரசாயனக் கூடமும், மாறாத நிதியும், கரையிலேயே ஊழியஞ்செய்யும் ஆட்களும் முன்னரே ஏற்பாடாகி இருக்க வேண்டும். அவை கைவராத வரையில் அந்தத் திரளைத் தொடாமல் விட்டு, மீனவர் வலையும் வேட்டைக்காரர் கையும் படாதபடி காவல் செய்வதே தக்கது என்று நான் கருதுகிறேன்.